வாங்கியவரின் கைப்பேசி, விற்றவரின் கட்டுப்பாடு

மேசைக் கணினியை வாங்கியவர் தமக்கு வேண்டிய மென்பொருளை, அதை எழுதியவர் யாராக இருந்தாலும், கடையிலோ நண்பரிடமோ இணையத்திலோ பெற்று நிறுவிக்கொள்ளலாம் என்பது 1980களிலிருந்து எவரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்தது. கணினியைச் செய்த நிறுவனத்துக்கு அந்தக் கொடுக்கல் வாங்கலில் எந்த இடமும் இல்லை. அந்தக் கணினிகளைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட திறன்பேசி இன்று சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டபோதும், அதில் எந்தச் செயலி நுழையலாம், நுழைந்த செயலி எதைத் தொடலாம், அதன் வழியே நடக்கும் விற்பனையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் ஆப்பிள், கூகுள் என்ற இரண்டு நிறுவனங்களே முடிவு செய்கின்றன. கருவியைச் செய்தவர் முதல் தரப்பு, அதைப் பயன்படுத்துபவர் இரண்டாம் தரப்பு என்று கொண்டால், இவ்விருவருமல்லாத ஒருவர் எழுதித் தரும் மென்பொருளே மூன்றாம் தரப்புச் செயலி. வங்கிச் செயலி, விளையாட்டு, தமிழ் விசைப்பலகை, நாட்காட்டி என நாள்தோறும் கையாளப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பாதுகாப்பே காரணம் என்று நிறுவனங்களும், பணமே காரணம் என்று அவற்றை எதிர்ப்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இரண்டு காரணங்களும் மெய்யானவை என்றாலும், கட்டுப்பாடு என்ற ஒரே பெயரில் வழங்கப்படுவது உண்மையில் ஒன்றல்ல. கருவிக்குள் செயலியின் கையைக் கட்டிவைக்கும் தொழில்நுட்ப ஏற்பாடு ஒன்று, செயலி பயனரிடம் போய்ச் சேரும் வழியையும் அங்கே நடக்கும் பணப் பரிமாற்றத்தையும் தன்வசம் வைத்துக்கொள்ளும் வணிக ஏற்பாடு மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை, முதலாவதற்குக் கிடைக்கும் நியாயம் இரண்டாவதற்கும் இரவலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

கைப்பேசியில் கட்டுப்பாட்டைத் தொடங்கிவைத்தது ஆப்பிள் அல்ல. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கைப்பேசிகளில் ஒரு விளையாட்டை விற்க விரும்பியவர், தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்; குவால்காம் நிறுவனத்தின் ப்ரூ தளத்தில் ஒவ்வொரு செயலியும் சோதனையில் தேறிய பிறகே சேவை நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற முடிந்தது. நோக்கியா கைப்பேசிகளில் இயங்கிய சிம்பியன் தளம் ஓரளவு திறந்தே இருந்தது. 2004இல் புளூடூத் வழியாக ஒரு கைப்பேசியிலிருந்து அடுத்த கைப்பேசிக்குப் பரவி, மின்கலத்தைக் காலி செய்த கபீர் என்ற புழு நிரல் வந்த பின்னர், அந்தத் தளமும் முக்கியமான வசதிகளைத் தொடும் செயலிகளுக்கு மின்கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது.

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதில் மூன்றாம் தரப்புச் செயலிகளுக்கு இடமே இல்லை. வெளியார் எதையாவது உருவாக்க விரும்பினால் சஃபாரி உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாக உருவாக்கிக்கொள்ளட்டும் என்பதே ஸ்டீவ் ஜாப்ஸ் அன்று சொன்ன வழி. தவறாக எழுதப்பட்ட ஒரு செயலி தொலைபேசி வலையமைப்பையே முடக்கிவிடக்கூடும் என்ற அச்சத்தையும் அவர் காரணமாகக் காட்டினார். நிரலாளர்கள் இதற்கு இசையவில்லை. சில மாதங்களுக்குள் பூட்டை உடைத்துத் தங்கள் செயலிகளை ஐபோனில் ஓடவிட்டார்கள். அக்டோபரில் ஆப்பிள் தன் நிலையை மாற்றிக்கொண்டு, செயலி உருவாக்கும் கருவித் தொகுப்பை அடுத்த ஆண்டு வெளியிடுவதாக அறிவித்தது. 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் என்ற செயலிக் கடை திறக்கப்பட்டது. உருவாக்குவோர் ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும், ஒவ்வொரு செயலியும் ஆப்பிளின் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், விற்பனைத் தொகையில் 70 விழுக்காடு உருவாக்கியவருக்கு, 30 விழுக்காடு ஆப்பிளுக்கு என்பவை அன்று வகுக்கப்பட்ட விதிகள். சேவை நிறுவனங்களிடம் விற்பனையின் பெரும்பகுதியை இழந்து பழகியிருந்த சிறு நிரலாளர்களுக்கு அந்த 70 விழுக்காடு அன்றைக்குப் பெரும் விடுதலையாகவே தெரிந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கருவிக்குள் நடக்கும் கட்டுப்பாட்டின் அடித்தளம் மின்கையொப்பம். செயலியின் நிரல் முழுவதையும் கணக்கிட்டு, அதை எழுதியவருக்கு மட்டுமே உரிய மறைகுறியால் முத்திரையிடுவதே அது. நிரலில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. ஆப்பிள் ஏற்றுக்கொண்ட சான்றிதழோடு பொருந்தாத எதையும் ஐபோன் இயக்காது. இதற்கு அடுத்தது சாண்ட்பாக்ஸ் எனப்படும் தனியறை முறை. ஒரே கட்டடத்தில் குடியிருந்தாலும் ஒரு குடித்தனத்தார் அடுத்த வீட்டுப் பீரோவைத் திறக்க முடியாதது போல, ஒவ்வொரு செயலிக்கும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட கோப்புகள் மட்டுமே தெரியும். விளையாட்டுச் செயலியால் வங்கிச் செயலியின் தரவை எட்டிப்பார்க்க இயலாது. மூன்றாவது, கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடும் முன் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி. கூகுளின் ஆண்ட்ராய்டில் நிறுவும்போதே மொத்தமாகப் பெறப்பட்டுவந்த இந்த அனுமதி, 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தேவைப்படும் நேரத்தில் கேட்கப்படுவதாக மாறியது.

சான்றிதழைக் கையில் வைத்திருப்பவரின் அதிகாரம் எத்தகையது என்பதை 2019 ஜனவரி 30 அன்று நடந்த நிகழ்ச்சி துலக்கமாகக் காட்டியது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கான உள்செயலிகளை ஆப் ஸ்டோருக்குக் கொண்டுபோகாமல் நேரடியாக வழங்கிக்கொள்ள ஆப்பிள் தனிச் சான்றிதழ் தருவதுண்டு. அந்தச் சான்றிதழைப் பயன்படுத்தி, 13 வயதுப் பிள்ளைகள் முதற்கொண்டு வெளியாருக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, அவர்களின் கைப்பேசிப் பயன்பாட்டை முழுவதுமாகக் கண்காணிக்கும் ஆய்வுச் செயலியை ஃபேஸ்புக் வழங்கிவந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஆப்பிள் சான்றிதழைத் திரும்பப் பெற்றவுடன் அந்த ஆய்வுச் செயலி மட்டும் நிற்கவில்லை. ஃபேஸ்புக் ஊழியர்கள் வளாகப் பேருந்து நேரத்தையும் மதிய உணவுப் பட்டியலையும் பார்த்துவந்த உள்செயலிகள்கூட ஒரே நாளில் செயலிழந்தன. விரைவிலேயே சிக்கல் தீர்ந்தது. இங்கே கட்டுப்பாடு பயனரின் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றையே இன்னொரு நிறுவனம் இவ்வளவு எளிதாக நிறுத்திவைக்க முடியும் என்பதும் அன்றே எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பாதுகாப்பு என்ற வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்குவது பொறுப்பற்ற செயல். இந்தியாவில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்துசேரும் ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டுச் செயலியை நேரடியாக நிறுவப் பயன்படும் கோப்பு, குறுஞ்செய்திகளைப் படித்து ஓ.டி.பி. எண்ணைத் திருடி வங்கிக் கணக்கைக் காலி செய்வதாகக் காவல்துறையினர் 2024இல் மீண்டும் மீண்டும் எச்சரித்தார்கள். வாகன அபராத ரசீது என்ற பெயரிலும் இதே மோசடி நடக்கிறது. இவற்றில் பணம் இழப்பவர்களில் பலர் கோப்பின் வகையைப் பிரித்தறியத் தெரியாதவர்கள். அவர்களுக்கு யாரோ ஒருவர் காவல் நிற்க வேண்டியது கட்டாயம்.

அந்தக் காவலைக் கடைவாசல் பரிசோதனை எவ்வளவு தூரம் செய்கிறது என்பதே கேள்வி. 2020 இறுதியில் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் தற்கொலைகள் வரை கொண்டுபோய்விட்ட உடனடிக் கடன் செயலிகள், கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலைக் கவர்ந்துகொண்டு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவதூறுச் செய்தி அனுப்பி மிரட்டின. அவற்றில் பல கூகுளின் பிளே ஸ்டோரிலேயே கிடைத்தவை. தவணைக்குப் பணம் கட்ட முடியாதவரை ஊரறிய அவமானப்படுத்த அந்தச் செயலிகளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஓர் அனுமதி. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் தொடவே கூடாது என்று கூகுள் 2023 மே மாத இறுதியில் தடை விதித்ததுதான் அந்த மிரட்டலின் வேரைத் தொட்ட நடவடிக்கை. அதற்குள் பல குடும்பங்கள் விலை கொடுத்துவிட்டன.

ஆப்பிளின் பரிசோதனையும் தவறியிருக்கிறது. ஐபோன் செயலிகளை எழுதப் பயன்படும் எக்ஸ்கோட் மென்பொருளை ஆப்பிளிடமிருந்து தரவிறக்கச் சீனாவில் நீண்ட நேரம் பிடித்ததால், அங்கிருந்த நிரலாளர்கள் சிலர் உள்ளூர்ச் சேமிப்பகங்களில் கிடைத்த பிரதியைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பிரதியில் நச்சு நிரல் கலந்திருந்தது. எழுதியவர்களுக்கே தெரியாமல் நச்சு கலந்த செயலிகள், வீசாட் உட்பட, ஆப் ஸ்டோரின் சோதனையைக் கடந்து உள்ளே போயின. 2015 செப்டம்பரில் இது தெரியவந்தது. 2,500க்கும் மேற்பட்ட செயலிகள் வழியாக ஏறத்தாழ 12.8 கோடிப் பயனர்கள் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் ஊழியர்கள் தங்களுக்குள் கணக்கிட்ட மின்னஞ்சல், பல ஆண்டுகள் கழித்து நீதிமன்ற ஆவணமாகவே வெளிவந்தது. அப்போதும் அந்த நிரல் பிற செயலிகளின் தரவுக்குள் புக முடியாமல் தடுத்தது தனியறை முறைதான். மனிதர்கள் நடத்தும் பரிசோதனை ஏமாறக்கூடும். கருவிக்குள் இருக்கும் தடுப்பு அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை.

பாதுகாப்புக்கும் பணத்துக்கும் நடுவே, அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. தன் கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிக்கும் நிலை வரக்கூடாது என்பதே அது. செயலிகள் பின்னணியில் விருப்பம்போல் ஓடினால் மின்கலம் தீரும், கைப்பேசி சூடேறும், பழி கருவியைச் செய்தவர் மீது விழும். எனவே ஐபோனில் மூன்றாம் தரப்புச் செயலிகள் பின்னணியில் இயங்கும் வசதி 2010 வரை வழங்கப்படவே இல்லை. அதே ஆண்டில் அடோபியின் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை ஐபோனில் அனுமதிக்க மறுத்து ஜாப்ஸ் வெளியிட்ட நீண்ட கடிதம், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஓர் இடைநிலை அடுக்கு வந்துவிட்டால் ஆப்பிள் கொண்டுவரும் புதிய வசதிகள் அந்த அடுக்கை எழுதுபவரின் தயவில் நிற்க நேரிடும் என்று வெளிப்படையாகவே வாதிட்டது. ஐபோனில் எந்த உலாவியும் ஆப்பிளின் வெப்கிட் பொறியையே பயன்படுத்த வேண்டும் என்று எல்லா நாடுகளிலும் நெடுங்காலம் இருந்த விதிக்கும் இந்த எண்ணமே பின்புலம். இணையப் பக்கங்களே செயலிகளுக்கு நிகராக வளர்ந்துவிட்டால் கடையே தேவையற்றுப் போய்விடும் என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கடையை வைத்திருப்பவரே அந்தக் கடையில் சரக்கும் விற்கும்போது, விதி எங்கே முடிகிறது, போட்டி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் போகிறது. இரவில் திரையின் நிறத்தை வெதுவெதுப்பாக்கும் எஃப்.லக்ஸ் என்ற மென்பொருளை ஐபோனில் நிறுவ அதன் உருவாக்குநர்கள் 2015 நவம்பரில் கடைக்கு வெளியே ஒரு வழியைக் காட்டியபோது, அது ஒப்பந்தத்துக்குப் புறம்பானது என்று ஆப்பிள் தடுத்தது. அடுத்த மார்ச் மாதம் அதே வேலையைச் செய்யும் நைட் ஷிஃப்ட் ஆப்பிளின் சொந்த வசதியாக வந்தது. குழந்தைகளின் திரைநேரத்தைக் கட்டுப்படுத்தும் செயலிகள் பல, ஆப்பிள் தன் ஸ்கிரீன் டைம் வசதியை 2018இல் கொண்டுவந்த பிறகு நீக்கப்பட்டன. கருவியின் மீது அளவுக்கு மீறிய அதிகாரத்தை அந்தச் செயலிகள் எடுத்துக்கொண்டன என்பது ஆப்பிள் தந்த விளக்கம். அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். வெளியேற்றப்பட்டவர்களுக்கு முறையிட வேறு இடமில்லை என்பதுதான் இதில் உறுத்தும் செய்தி.

பணத்தின் பக்கம் வந்தால், முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது விதியின் விசித்திரமான வகைபிரிப்பு. கைப்பேசிச் செயலியில் வாடகை வண்டியோ பிரியாணியோ பேருந்துச் சீட்டோ வாங்கினால் ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் கமிஷன் இல்லை. மின்னூல், விளையாட்டுக்குள் வாங்கும் ஆயுதம், இசைச் சந்தா போன்ற எண்மப் பொருள்களை வாங்கினால் 15 முதல் 30 விழுக்காடு வரை கமிஷன் உண்டு, அதுவும் கடையின் சொந்தப் பணம் செலுத்தும் முறையின் வழியாகவே வாங்க வேண்டும் என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த அடிப்படை விதி. ஐபோனில் அமேசானின் கிண்டில் செயலியில் நூலைப் படிக்கலாம், வாங்க முடியாது என்ற நிலை 2011இலிருந்து நீடித்ததற்கு இதுவே காரணம். நூலின் விலையில் தன் பங்கே ஏறத்தாழ 30 விழுக்காடாக இருக்கும் ஒரு விற்பனையாளர், அதை முழுவதுமாக ஆப்பிளுக்குக் கொடுத்துவிட்டு வணிகம் நடத்த முடியாது.

2020 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் உரிமையாளரான எபிக் நிறுவனம் வேண்டுமென்றே இந்த விதியை மீறி, வெளியேற்றப்பட்டு, வழக்குத் தொடுத்தது. கலிஃபோர்னியாவில் நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு பெரும்பாலும் ஆப்பிளுக்கே சாதகமானது. எபிக் முன்வைத்த பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டுமே அவர் ஏற்றார். ஆயினும் அந்தத் தீர்ப்பில் பதிவான உண்மைகள் தீர்ப்பைக் காட்டிலும் முக்கியமானவை. ஆப் ஸ்டோரின் வருவாயில் ஏறத்தாழ 70 விழுக்காடு விளையாட்டுச் செயலிகளிலிருந்து வருகிறது; அதைத் தருபவர்கள் பயனர்களில் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்கள். கடையின் இலாப விகிதம் 75 விழுக்காட்டுக்கும் மேல் என்று எபிக் தரப்பு நிபுணர் கணக்கிட்டார். பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை ஈடுகட்டவே கமிஷன் என்ற வாதம் இந்த எண்களுக்கு முன் நிற்பதில்லை. வெளியே வாங்கும் வழியைச் செயலிக்குள்ளேயே பயனருக்குச் சொல்ல உருவாக்குவோரை அனுமதிக்க வேண்டும் என்பதே அந்த நீதிபதி ஆப்பிளுக்கு இட்ட ஒரே கட்டளை. ஆப்பிள் அதற்கும் 27 விழுக்காடு கமிஷன் கேட்டதால், 2025 ஏப்ரல் 30 அன்று அவர் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று கண்டார். சில நாட்களில் அமெரிக்காவில் கிண்டில் செயலியில் நூல் வாங்குவதற்கான பொத்தான் தோன்றியது.

இந்தச் சண்டையில் சென்னைக்கும் பங்குண்டு. பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்தும் சென்னை நிறுவனம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் கூகுளின் கட்டண முறையை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, அங்கே தோற்றன. உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்புத் தரவில்லை. 2024 மார்ச் 1 அன்று அந்தச் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. வரன் தேடும் செயலியே தொழிலாக உள்ள ஒரு நிறுவனத்துக்கு, பெரும்பாலானோர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நாட்டில், பிளே ஸ்டோரில் இல்லாமற்போவது கடையையே மூடுவதற்குச் சமம். ஒன்றிய அரசு தலையிட்டபின் சில நாட்களில் செயலிகள் திரும்பின. இதற்கு முன்பே, 2022 அக்டோபரில், பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. ஆணையத்தின் உத்தரவுக்குப் பின் வேறு கட்டண முறையைச் சேர்த்துக்கொள்ளக் கூகுள் இடம் கொடுத்தபோதும், கமிஷனில் குறைத்தது 4 விழுக்காட்டுப் புள்ளிகளை மட்டுமே. யு.பி.ஐ. வழியே கட்டணமின்றிப் பணம் அனுப்பிப் பழகிய நாட்டில், பணம் கூகுள் வழியாகப் போகாதபோதும் 26 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்பது எந்தச் சேவைக்கான விலை என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

ஒரே வாசல் என்ற ஏற்பாட்டால் விளையும் பெருந்தீங்கு பணம் சார்ந்தது அல்ல. வாசல் ஒன்றாக இருந்தால் அதை மூடச் சொல்லும் அரசுக்கும் வேலை எளிது. தணிக்கையைத் தாண்ட உதவும் வி.பி.என். செயலிகள் 2017இல் சீன ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. ரஷ்யாவில் எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸேய் நவால்னியின் ஆதரவாளர்கள் உருவாக்கிய தேர்தல் வழிகாட்டிச் செயலியை, வாக்குப்பதிவு தொடங்கிய 2021 செப்டம்பர் 17 அன்று ஆப்பிளும் கூகுளும் நீக்கின. ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்கள் கோப்பாக அதை நிறுவிக்கொள்ள வழியிருந்தது. ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

காவலையும் கல்லாவையும் பிரிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஆப்பிளின் மேக் கணினிகளே விடை வைத்திருக்கின்றன. மேக்கில் செயலியை எங்கிருந்தும் நிறுவலாம். அதை எழுதியவர் முன்கூட்டியே ஆப்பிளுக்கு அனுப்பி, தானியங்கிச் சோதனையில் தேறிய முத்திரையைப் பெற்றிருந்தால் போதும், கமிஷன் கிடையாது. மேக்கில் நச்சு நிரல்கள் ஏற்க முடியாத அளவுக்கு உள்ளன என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகி 2021இல் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். ஆயினும் அந்தக் கணினிகளை அந்நிறுவனம் இன்றும் பாதுகாப்பானவை என்றே விற்கிறது. 2024 மார்ச்சில் எண்மச் சந்தைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐபோனுக்கும் இதையொத்த முறை வந்தது: வேறு கடைகள் அனுமதிக்கப்பட்டன, அடிப்படைச் சோதனை ஆப்பிளிடம் தங்கியது. அதோடு, ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்படும் ஒவ்வொரு முதல் நிறுவலுக்கும் அரை யூரோ என்ற புதிய கட்டணத்தையும் ஆப்பிள் வைத்தது. பாதுகாப்பைப் பிரித்துக் கொடுக்க முடிந்த நிறுவனத்துக்கு வருவாயைப் பிரித்துக் கொடுக்க மனம் வரவில்லை.

இதுவரை ஓரளவு திறந்திருந்த ஆண்ட்ராய்டோ எதிர்த்திசையில் நகர்கிறது. கடைக்கு வெளியே நிறுவப்படும் செயலியாக இருந்தாலும், அதை எழுதியவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாவிடில் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டுக் கருவிகளில் அது நிறுவப்படாது என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027இலிருந்து மற்ற நாடுகளுக்கும் விரிவாக்குவது திட்டம். இங்கே கமிஷன் இல்லை, உள்ளடக்கப் பரிசோதனை இல்லை, பெயர், முகவரி போன்ற அடையாள விவரங்களே கேட்கப்படுகின்றன. அழைப்பிதழ் மோசடிக்காரரின் பெயரைக் கேட்பது நல்லதுதான். தணிக்கையைத் தாண்டும் செயலியை எழுதுபவரின் பெயர் ஓரிடத்தில் பதிவாகிவிட்டால், அதை நாளை எந்த அரசு கேட்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கட்டற்ற மென்பொருள் செயலிகளை இலவசமாக வழங்கிவரும் எஃப்-டிராய்டு அமைப்பு, இந்த விதி நடைமுறைக்கு வந்தால் தன்னால் இப்போதைய வடிவில் தொடர முடியாது என்று எதிர்த்தது. 2025 நவம்பரில் கூகுள் சற்றே இறங்கிவந்து, ஆபத்தை அறிந்தே ஏற்றுக்கொள்ளும் பயனர்கள் பதிவற்ற செயலிகளையும் நிறுவிக்கொள்ளத் தனி வழி ஒன்று இருக்கும் என்றது. அந்த வழியில் எத்தனை எச்சரிக்கைத் திரைகளைக் கடக்க வேண்டியிருக்கும், சாதாரணப் பயனர் ஒருவரால் அவற்றைக் கடக்க முடியுமா என்பதைப் பொறுத்தே ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே எஞ்சியிருக்கும் வேறுபாடு அமையும்.